புட்டிங் கற்க, புட்டர் தேர்ந்தெடுக்க: மட்டுப்பாவிலிருந்து கிரீன் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பார் 72 கொண்ட, அதாவது தேர்ந்த ஆட்டக்காரர் 18 குழிகளையும் 72 ஸ்ட்ரோக்குகளில் (பந்தை அடிக்கும் தடவைகளில்) முடிக்க வேண்டிய, ஒரு கோல்ஃப் மைதானத்தில், குழிக்கு இரண்டு என்ற கணக்கில், 36 ஸ்ட்ரோக்குகள் புட்டிங்குக்கென்றே, அதாவது பந்தை உருட்டிக் குழியில் போடுவதற்கென்றே, ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஆட்டத்தின் சரிபாதி, கிரீன் எனப்படும் ஒட்ட வெட்டிய புல்பரப்பின்மேல் புட்டர் என்ற ஒரே கோலால் ஆடப்படுகிறது என்பது இதன் பொருள். அப்படியிருந்தும் பயிற்சிக்குப் போகும் நாளில் நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் என்ற கோலை எடுத்துத் தோள் வலிக்க வீசிவிட்டு, கிளம்பும் நேரத்தில் நான்கைந்து பந்துகளைக் குழிப்பக்கம் தட்டிவிட்டு வீடு திரும்புவதே நம்மில் பலருடைய வழக்கம்.

குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்கள் அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ள நல்ல காரணம் இருக்கிறது. தக்கலையில் வசிக்கும் எனக்கு அருகிலுள்ள மைதானம் திருவனந்தபுரம் கவடியாரில் இருக்கும் 9 குழி மைதானம்தான். மார்த்தாண்டத்தையும் களியக்காவிளையையும் கடந்து போய்வருவதற்கே அரை நாள் செலவாகிவிடுவதால், மாதத்துக்கு இருமுறைக்கு மேல் போக முடிவதில்லை. டிரைவரை வீட்டில் வீச முடியாது. புட்டரை வீட்டில் தட்ட முடியும். மைதானத்தின் அருகில் வசிப்பவருக்குக் கிடைக்கும் வசதிகளில் பெரும்பாலானவை நமக்கு இல்லையென்றாலும், புட்டிங் என்ற இந்த ஒரு பகுதியில் அவருக்குச் சமமாகவும், முயன்றால் அவரைவிட மேலாகவும் நாம் ஆக முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அதற்குத் திசையையும் தூரத்தையும் பிரித்துப் பழக வேண்டும். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல ஆண்டுகள் ஆடியும் புட்டிங் திருந்தாமல் இருக்கிறது. திசையை வீட்டுக் கூடத்துத் தரையிலும், சரிவை மட்டுப்பாவிலும் (பிற மாவட்டத்தார் மொட்டைமாடி என்பதை நாம் அப்படிச் சொல்கிறோம்), தூரத்தை உண்மையான கிரீனிலும் கற்பதே இந்த வழிகாட்டி சொல்லும் ஒழுங்கு. புட்டர் வாங்குவது இவற்றுக்கெல்லாம் பிறகுதான். வலக்கை ஆட்டக்காரரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். இடக்கை ஆட்டக்காரர்கள் பக்கங்களை மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: தவறைக் கணக்கெடுப்பது

எதையும் மாற்றுவதற்கு முன், மூன்று ஆட்டங்களுக்கு ஒரு சிறிய குறிப்பேட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழியிலும் முதல் புட்டின் (கிரீனில் புட்டரால் தட்டும் தட்டின்) தூரத்தைக் காலால் அளந்து எழுதுங்கள். பந்து குழியைத் தவறவிட்டால் இடப்பக்கமா வலப்பக்கமா, குறைந்து நின்றதா கடந்து போனதா, எத்தனை அடி என்பவற்றையும் எழுதுங்கள். ஓர் ஆட்டத்தில் மொத்தம் எத்தனை புட் என்ற எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது நம்மை ஏமாற்றிவிடும். கிரீனை எட்டாமல் வெளியே நின்று, சிப் செய்து (பந்தைச் சிறிதாகத் தூக்கி அடித்து) பந்தைக் குழிக்கருகில் வைப்பவருக்குப் புட் எண்ணிக்கை தானாகவே குறைந்துவிடும்.

அமெரிக்க பிஜிஏ டூரில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களே 8 அடியிலிருந்து ஏறத்தாழப் பாதிப் புட்களைத்தான் குழிக்குள் போடுகிறார்கள். 20 அடியில் அது நூற்றுக்கு 15 என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. 3 அடியில் மட்டும் அவர்கள் அநேகமாகத் தவறுவதில்லை. இந்தக் கணக்கை அறிந்த பிறகு என் மனத்திலிருந்த பெரிய பாரம் ஒன்று இறங்கியது. 10 அடிப் புட் தவறினால் அது குற்றமில்லை. 3 அடியில் தவறுவதும், 30 அடியிலிருந்து மூன்று புட் அடிப்பதும்தான் திருத்தப்பட வேண்டியவை. குறிப்பேட்டைப் புரட்டினால் அநேகமாக இந்த இரண்டில் ஒன்று தெளிவாகத் தெரியும். 3 அடியில் தவறுகிறவர் திசையில் தவறுகிறார். மூன்று புட் அடிக்கிறவர் தூரத்தில் தவறுகிறார்.

இரண்டாம் படி: நிற்பதும் பிடிப்பதும்

கால்களைத் தோளகலத்துக்கு வைத்து, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, கைகளைத் தோளிலிருந்து தாமாகத் தொங்க விடுங்கள். அவை தொங்கி நிற்கும் இடத்திலேயே புட்டரைப் பிடிக்க வேண்டும். கோலைத் தேடிக் கை நீளவும் கூடாது, மார்போடு ஒடுங்கவும் கூடாது. பந்து இரு பாதங்களின் நடுவிலிருந்து சற்று இடப்பக்கமாக இருக்கட்டும். கண்கள் பந்துக்கு நேர்மேலே, அல்லது ஓர் அங்குலம் உட்பக்கமாக, அதாவது நம் கால் பக்கமாக, இருக்க வேண்டும். இதைச் சோதிக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போல ஒரு நூலில் திருகாணியைக் கட்டி, மூக்கின் மேல்முனையில் நூலை வைத்துத் தொங்கவிட்டால் போதும். கண் பந்தைத் தாண்டி வெளியே போய்விட்டால் குறியை நோக்கிய கோடு பொய்யாகத் தெரியும். நேராக நிற்கிறோம் என்று எண்ணிக்கொண்டே கோணலாக நிற்போம்.

பிடியின் அழுத்தத்தைச் சொல்லால் விளக்குவது கடினம். தோவாளையில் பூக்கட்டுகிறவர்களின் விரல்களைக் கவனித்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும். நாரைத் தளர்த்தினால் பூ நழுவும், இறுக்கினால் காம்பு அறுபடும். அவர்கள் விரலில் உள்ள அழுத்தம் முதல் பூவிலிருந்து கடைசிப் பூ வரை ஒரேயளவாக இருக்கும். புட்டரிலும் தளர்வா இறுக்கமா என்பதைவிட, அந்த அழுத்தம் ஆரம்பம் முதல் முடிவு வரை மாறாமல் இருக்கிறதா என்பதே முக்கியம். பந்தைத் தொடும் கணத்தில் வலக்கை திடீரென்று இறுகுவதுதான் குறும்புட்கள் இடப்பக்கம் இழுபடுவதற்குப் பெரும்பாலும் காரணம். அந்தப் பழக்கம் விடாதவர்கள் இடக்கையைக் கீழே வைத்துப் பிடித்துப் பார்க்கலாம். வலக்கையைப் பென்சில் பிடிப்பதுபோல் மாற்றும் கிளா பிடியையும் முயலலாம். எந்தப் பிடியானாலும் ஒரு மாதமாவது அதில் நிலைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: நூல் பிடித்த திசை

புட்டிங்கில் பந்து கிளம்பும் திசையை முடிவுசெய்வதில் பெரும்பங்கு, பந்தைத் தொடும் கணத்தில் புட்டரின் முகம், அதாவது பந்தில் படும் தட்டையான பக்கம், எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதற்கே உண்டு. கோல் வந்த பாதைக்குச் சிறுபங்குதான். ஆகவே கோல் நேர்க்கோட்டில் போக வேண்டுமா, சற்று வளைந்து போக வேண்டுமா என்ற விவாதத்தில் நாளைக் கழிக்காமல், முகத்தைக் கவனியுங்கள். முகம் ஒரு பாகை திரும்பினால் 3 மீட்டர் தூரத்தில் பந்து 5 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் விலகிவிடும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். நடுவிலிருந்து விளிம்பு வரை 5.4 சென்டிமீட்டர். ஒரு பாகைப் பிழை என்பது 3 மீட்டரில் குழியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் பிழை.

இதைப் பழகக் கூடத்து டைல் தரையே போதும். முதலில் தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ரசமட்டம் இல்லையென்றால் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கமும் ஓடாமல் பரவும் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். டைல்களின் இணைப்புக்கோடு நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும். அந்தக் கோட்டின்மேல் ஒரு மீட்டர் நீள இரும்பு ஸ்கேலைப் படிய வைத்து, ஒரு முனையில் பந்தை வைத்து, மறுமுனை வழியாக வெளியேறும்படி தட்டுங்கள். முதல் நாள் பத்துப் பந்துகளில் எனக்கு இரண்டுதான் கடைசி வரை போயின. மற்றவை அறுபது, எழுபது சென்டிமீட்டரில் ஸ்கேலின் விளிம்பிலிருந்து இறங்கும்போது ‘டக்’ என்று ஓர் ஒலி வரும். அந்த ஒலி எந்தப் பக்கம் கேட்கிறது என்பதிலேயே முகம் திறந்திருந்ததா (வலப்பக்கம் பார்த்ததா) மூடியிருந்ததா (இடப்பக்கம் பார்த்ததா) என்பது தெரிந்துவிடும். பந்தின் நடுவில் மார்க்கர் பேனாவால் சுற்றிலும் ஒரு கோடு வரைந்து, அதைக் குறியை நோக்கி நிறுத்தித் தட்டினால் இன்னும் தெளிவு கிடைக்கும். சரியாகத் தட்டப்பட்ட பந்தில் அந்தக் கோடு அசையாத ஒற்றைக் கறுப்பு வரையாக உருளும். முகம் கோணினாலோ பந்து முகத்தின் நடுவில் படாவிட்டாலோ கோடு தள்ளாடிப் பட்டையாக விரியும்.

அடுத்தது வாசல் பயிற்சி. பந்திலிருந்து 45 சென்டிமீட்டர் முன்னால் இரண்டு டார்ச் பேட்டரிகளை நிறுத்தி, அவற்றுக்கு இடையே பந்தின் அகலத்தைவிட ஒரு சென்டிமீட்டர் மட்டும் கூடுதலாக இடம் விடுங்கள். பந்தின் விட்டம் 4.27 சென்டிமீட்டர் என்பதால் வாசலின் அகலம் சற்றேறக்குறைய 5.3 சென்டிமீட்டர் வரும். இந்த வாசலை உரசாமல் கடக்கும் பந்து, 8 அடித் தூரத்தில் குழியின் நடுவிலிருந்து 2.7 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருக்காது. அதாவது வேகம் சரியாக இருந்தால் சமதரையில் அது விழுந்தே தீரும். கூடத்தில் எட்டடி நீளம் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை, ஒன்றரை அடி இடத்தில் எட்டடிப் புட்டைப் பழகிவிடலாம். நாளொன்றுக்கு இருபது பந்துகள் போதும். கவனம் சிதறியபின் தட்டும் இருபத்தோராவது பந்து தவறான பழக்கத்தையே வளர்க்கும்.

குழி வேண்டும் என்பவர்கள் குழாய்க் கடையில் ‘நாலு இஞ்ச் பைப்’ என்று கேட்கும் பிவிசி குழாயில் ஒரு துண்டு வாங்கிக்கொள்ளலாம். அதன் வெளிவிட்டம் 110 மில்லிமீட்டர், உள்வாய் குழியைவிடச் சற்றே குறுகலாக இருக்கும். இரண்டங்குல உயரத்துக்கு வளையமாக அறுத்து, அதில் பாதியை வெட்டி எடுத்துவிட்டு, திறந்த பக்கம் நம்மைப் பார்க்கும்படி வைத்தால் மிக நல்ல இலக்கு கிடைக்கும். முற்றத்து மண்ணில் முழு வளையத்தைப் புதைத்தும் வைக்கலாம்.

நான்காம் படி: தாளம்

பழைய பெண்டுலம் கடிகாரத்தில் ஊசல் அதிகம் வீசினாலும் குறைவாக வீசினாலும் ஓர் அலைவுக்கு ஏறத்தாழ ஒரே நேரம்தான் ஆகும். நல்ல புட்டிங்கிலும் அப்படியே: நீண்ட புட்டுக்கு வீச்சு நீளும், நேரம் நீளாது. பின்னே போவதற்கு இரண்டு பங்கு நேரம், திரும்பி வந்து பந்தைத் தொடுவதற்கு ஒரு பங்கு நேரம் என்பது தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் பொதுவாகக் காணப்படும் விகிதம். செல்போனில் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 75 தட்டு அளவில் வைத்து, ஒரு தட்டில் பின்னே எடுக்கத் தொடங்கி அடுத்த தட்டுக்குப் பந்தைத் தொட முயலுங்கள். உங்கள் இயல்புக்கு ஏற்ப எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். மணிக்கட்டு உடையாமல், தோள்களே ஆட்ட வேண்டும்.

ஐந்தாம் படி: தூரம்

இதை வீட்டில் கற்க முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். டைல் தரையும் சிமெண்ட் தரையும் எந்த கிரீனைவிடவும் வேகமானவை. பத்மநாபபுரம் அரண்மனையின் பளபளக்கும் கருந்தரையைப் பார்த்தவர்கள் அதில் ஒரு பந்தைத் தட்டினால் எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும். கிரீனின் வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்ற கருவி இருக்கிறது. எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர் 1935இல் வகுத்த இந்தக் கருவி 36 அங்குல நீளமுள்ள ஒரு பள்ளப் பட்டை. அதைச் சாய்த்தால் ஏறத்தாழ 20 பாகையில் பந்து தானே உருண்டு இறங்கும், அது சமதரையில் எத்தனை அடி ஓடுகிறதோ அதுவே அந்த கிரீனின் வேகம். சாதாரண கிளப்புகளில் 8, 9 அடி என்பது வழக்கமான அளவு. பெரிய போட்டிகளில் 11க்கு மேலும் போகும்.

ஆகவே மைதானத்துக்குப் போகும் நாளில் அரை மணி நேரம் முன்னதாகப் போய், பயிற்சி கிரீனில் முதலில் குழியைப் பார்க்காமல் தூரத்தை மட்டும் அளவெடுங்கள். புட்டர் வலக்கால் பெருவிரல் வரை பின்னே போனால் பந்து எத்தனை காலடி ஓடுகிறது, அதைத் தாண்டி ஒரு சாண் போனால் எத்தனை, இரண்டு சாண் போனால் எத்தனை என்று மூன்று அளவுகளை மட்டும் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைய கிரீனுக்கு அந்த மூன்றுதான் உங்கள் அளவுகோல். அதன்பின் 20, 30, 40 அடிகளில் மூன்று டீக்களை (பந்து வைக்கும் சிறு முளைகளை) ஊன்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்து என்று மாறி மாறித் தட்டுங்கள். ஒரே தூரத்துக்குப் பத்துப் பந்துகளைத் தட்டினால் கை அதை மனப்பாடம் செய்துவிடும். ஆட்டத்தில் ஒரே புட் இரண்டாம் முறை வருவதில்லை.

குறும்புட்டில் பந்து எவ்வளவு வேகத்தில் குழியை அடைய வேண்டும் என்பதில் டேவ் பெல்ஸ் என்ற பயிற்சியாளர் சொன்ன அளவு பரவலாக அறியப்பட்டது: குழி அங்கே இல்லையென்றால் பந்து 17 அங்குலம் கடந்து போய் நிற்க வேண்டும். ஒன்றரை அடி என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிட வேகமாகப் போகும் பந்துக்குக் குழி சிறுத்துவிடுகிறது. விளிம்பைத் தொட்ட பந்து சுழன்று வெளியேறிவிடும். நீண்ட புட்டில் இந்தக் கணக்கை மறந்துவிட்டு, குழியைச் சுற்றி மூன்றடி வட்டம் ஒன்றை எண்ணி அதற்குள் நிறுத்தினால் போதும்.

ஆறாம் படி: வாட்டம் படிப்பது

எங்கள் வீட்டைக் கட்டிய முதிய கொத்தனார் ஒருமுறை மட்டுப்பாவில் ஒழுகலைப் பார்க்க வந்தபோது, நான் ஜமக்காளம் விரித்துப் புட்டிங் பழகிக்கொண்டிருந்தேன். பந்து ஏன் ஒவ்வொரு முறையும் வலப்பக்கமே போகிறது என்று முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “மக்கா, தண்ணி எங்கோட்டு ஓடுமோ அங்கோட்டுதான் பந்தும் ஓடும். ஓட்டை எங்க இருக்குன்னு முதல்ல பாரு, பொறவு வாட்டம் தெரியும்.” கிரீனின் சரிவைப் படிப்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் எங்கும் பெற்றதில்லை. மழைநீர் வடிவதற்காகக் கொத்தனார்கள் தளத்தில் வைக்கும் சரிவைத்தான் வாட்டம் என்கிறோம்; நூறு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கம் வைப்பது வழக்கம். கிரீனில் குழியைச் சுற்றி நாம் சந்திக்கும் சரிவும் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று வரைதான். மட்டுப்பாவைப் படிக்கத் தெரிந்தவருக்கு கிரீனைப் படிப்பது புதிய வித்தை அல்ல.

கிரீனை நெருங்கும்போதே, பந்தின் அருகே போவதற்கு முன், இங்கே மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று கேளுங்கள். பிறகு தாழ்ந்த பக்கத்தில் நின்று பாருங்கள். மேட்டிலிருந்து பார்ப்பதைவிடப் பள்ளத்திலிருந்து பார்த்தால் சரிவு நன்றாகத் தெரியும். பந்துக்கும் குழிக்கும் நடுவில் நடந்துபோய்ப் பாதங்களால் உணருங்கள். கடைசி மூன்றடியை மிகுந்த கவனத்தோடு பாருங்கள், ஏனெனில் பந்து வேகம் குறையும்போதுதான் அதிகமாக வளையும். குழியைச் சுற்றிய சரிவில் நேராக மேலிருந்து கீழே இறங்கும் ஒரு கோடு எப்போதும் உண்டு. அந்தக் கோட்டில் வைத்த புட் எந்தப் பக்கமும் வளையாது. அதைக் கண்டுபிடித்துவிட்டால், உங்கள் பந்து அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதிலிருந்து வளைவு தெரிந்துவிடும்.

புதியவர்கள் அநேகமாக எல்லோரும் வளைவைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பந்து குழியின் தாழ்ந்த பக்கமாகவே தவறுகிறது. தாழ்ந்த பக்கம் போன பந்துக்கு மீட்சியில்லை. உயர்ந்த பக்கம் போன பந்து கடைசிக் கணத்திலாவது குழிக்குள் சரிய வாய்ப்பிருக்கிறது. நீங்கள் நினைத்த வளைவோடு கால்பங்கு கூட்டிக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. மட்டுப்பாவில் ஜமக்காளத்தைச் சுருக்கமில்லாமல் விரித்து, தண்ணீர் வடியும் குழாய்ப் பக்கம் நோக்கியும், அதற்கு எதிராகவும், குறுக்காகவும் தட்டிப் பழகினால் மேட்டுப் புட், இறக்கப் புட், பக்கச் சரிவுப் புட் மூன்றும் கைக்கு வரும்.

ஏழாம் படி: புல்லும் காற்றும்

வெப்பநாட்டு மைதானங்களில் பெரும்பாலும் பெர்முடா வகைப் புல்லே கிரீனில் வளர்க்கப்படுகிறது. பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகம்புல்தான் பெர்முடா புல். கிரீனில் இருப்பவை அதன் குட்டை வகைக் கலப்பினங்கள். அருகு தரையோடு படர்ந்து ஓடும் இயல்புடையது என்பதால் அதன் இலைகள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வு பந்தையும் இழுக்கும். நின்ற இடத்திலிருந்து பார்க்கும்போது புல் வெளிறிப் பளபளத்தால் அது உங்களைவிட்டு அப்பால் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கருமையாகத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து சீக்கிரம் நின்றுவிடும். ஐயம் இருந்தால் குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள்: ஒரு பக்கம் வெட்டியதுபோல் கூர்மையாகவும், எதிர்ப்பக்கம் பிய்ந்து பழுப்பேறியும் இருக்கும். பிய்ந்திருக்கும் பக்கத்தை நோக்கியே புல் வளர்கிறது.

காற்றைப் பற்றிக் குமரி மாவட்டத்தாருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்றில் நின்று பழகியவர்களுக்குத் தெரியும், காற்று பந்தைத் தள்ளுவதற்கு முன் நம் உடம்பைத்தான் தள்ளுகிறது. கால்களை அகட்டி, இன்னும் சற்றுக் குனிந்து, பிடியைக் கீழே இறக்கிப் பிடித்துத் தட்டுங்கள். எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்த பந்தைக் காற்று நகர்த்திவிட்டால், அபராதம் இல்லாமல் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும் என்பது விதி. 2019இல் விதிகள் திருத்தப்பட்டதிலிருந்து கொடிக்கம்பைக் குழியிலேயே விட்டுப் புட் செய்யலாம். காலணி முள் கிழித்த தடங்களையும் சரிசெய்யலாம். இந்த உரிமைகளைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

எட்டாம் படி: புட்டர் தேர்வு

நான் செய்த தவற்றிலிருந்து தொடங்குகிறேன். என் உயரம் 5 அடி 5 அங்குலம். தொலைக்காட்சியில் ஒரு சாம்பியன் வைத்திருந்த புட்டரைப் பார்த்துவிட்டு, அதே வகையில் 35 அங்குலக் கோலை இணையத்தில் பணம் கட்டி வாங்கினேன். கைக்கு எட்டாத அந்த நீளத்துக்காக நிமிர்ந்து நின்றேன். கண் பந்துக்கு உட்பக்கமாக வெகுதூரம் போனது. முழங்கைகள் விலாவைவிட்டு விரிந்தன. புட்டரின் நுனி தரையைவிட்டுத் தூக்கிக்கொண்டது. இரண்டு ஆண்டுகள் குறும்புட்களைத் தவறவிட்டுவிட்டு, பயிற்சி போதவில்லை என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன். கடைசியில் பிடியைக் கழற்றி, இரும்பறுக்கும் வாளால் ஒன்றரை அங்குலத்தை அறுத்தெடுத்த அன்றே கண் பந்தின்மேல் வந்து நின்றது. ஆனால் கோல் குறுகியதால் தலை இலேசாகத் தோன்றியது. குளச்சல் பக்கம் வலைக்குக் கட்டும் ஈயத்தை வாங்கித் தகடாகத் தட்டி, தலையின் அடியில் ஒட்டிச் சரிசெய்தேன். ஈயம் ஒட்டுவதை விதிகள் அனுமதிக்கின்றன. ஆட்டம் தொடங்கியபின் அதைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

ஆகவே நீளத்தை முதலில் பாருங்கள். கடைகளில் 33, 34, 35 அங்குலங்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. உயரத்தை மட்டும் வைத்து முடிவுசெய்ய வேண்டாம். கை நீளமும் குனியும் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். இரண்டாம் படியில் சொன்னபடி நின்று, கைகள் தொங்கும் இடத்தில் பிடிக்கும்போது கோலின் மேல்முனை கையைத் தாண்டி ஓர் அங்குலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கோல் உங்களுக்கு நீளம். நம் மாவட்டத்து ஆண்கள் பலருக்கும் 33 அல்லது 34 பொருந்தும் என்பது என் அனுபவம். குட்டையாகப் போனாலும் கெடுதல்தான். முதுகு வலியெடுத்து, பயிற்சியே நின்றுவிடும்.

நீளத்துக்கு அடுத்தது லை, அதாவது தலை தரையில் படியும் கோணம். பெரும்பாலான புட்டர்களில் அது 70 பாகையை ஒட்டி இருக்கும். கோல் செங்குத்திலிருந்து 10 பாகையாவது சாய்ந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆடும் நிலையில் நின்றுகொண்டு, ஒருவரை அழைத்துத் தலையின் நுனிப்பக்கத்துக்கு அடியிலும், நமக்கு அருகிலுள்ள பக்கத்துக்கு அடியிலும் ஒரு ரூபாய் நாணயத்தை நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் எளிதாக நுழைந்தால் லை பொருந்தவில்லை. முகத்தின் சாய்வு பொதுவாக 3, 4 பாகை இருக்கும். புல்லில் சற்று அமிழ்ந்திருக்கும் பந்தைத் தூக்கி உருளவிட அது வேண்டும். தட்டுவதற்கு முன் கைகளை முன்னே தள்ளும் பழக்கம் உள்ளவர்கள் அந்தச் சாய்வை இழந்துவிடுகிறார்கள் என்பதால், அவர்களுக்குச் சாய்வு சற்றுக் கூடுதலான புட்டர் நல்லது.

இனித் தலையின் வடிவம். பிளேடு மெல்லியது; மேலட் பின்னே அகன்றது. பிங் நிறுவனத்தைத் தொடங்கிய பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம், 1966இல் ஆன்சர் என்ற புட்டரை வடிவமைத்தபோது எடையை நடுவிலிருந்து விலக்கி இரு முனைகளுக்கும் கொண்டுபோனார். இன்று சந்தையில் உள்ள பிளேடுகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவையே. இரு முனையிலும் பாரம் தொங்கும் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்ப முடியாது அல்லவா? அதுபோலவே எடை ஓரங்களில் இருக்கும் தலையும், பந்து நடுவில் படாதபோது எளிதில் திருகிக்கொள்ளாது. மேலட்டுகளில் இந்தப் பண்பு இன்னும் கூடுதல். முகத்தின் நடுவில் தட்டத் தவறுகிறவர்களுக்கு மேலட் உதவும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நடுவில்தான் தட்டுகிறீர்களா என்பதை அறியாமல் வாங்காதீர்கள்: புட்டரின் முகத்தில் முகப்பவுடரைத் தடவி பத்துப் பந்துகள் தட்டினால், பட்ட இடம் அச்சாகத் தெரிந்துவிடும்.

கோலைக் கிடையாக ஒரு விரலின்மேல் நிறுத்திப் பாருங்கள். முகம் வானத்தைப் பார்த்துப் படுத்தால் அது சமநிலை முகப் புட்டர். நுனி கீழே தொங்கினால் நுனித்தொங்கல் உள்ள புட்டர். கோலை நேராகப் பின்னே எடுப்பவருக்கு முன்னதும், வளைத்து எடுப்பவருக்குப் பின்னதும் பொருந்தும் என்பது பொதுவான ஆலோசனை. தொடக்கத்துக்கு அது நல்ல வழிதான் என்றாலும், வாசல் பயிற்சியில் பேட்டரிகளைத் தட்டாமல் பந்தை அனுப்பும் புட்டர் எதுவோ அதுவே உங்களுடையது. தலையின் மேலுள்ள குறிக்கோடும் அப்படித்தான். சிலருக்கு நீண்ட கோடு உதவும், சிலருக்கு ஒற்றைப் புள்ளி போதும். புட்டரைக் குறிபார்த்து வைத்துவிட்டு அசையாமல் நில்லுங்கள். பின்னாலிருந்து ஒருவர் பார்த்து அது உண்மையில் எங்கே குறிபார்க்கிறது என்று சொல்லட்டும். முகத்தில் பிளாஸ்டிக் பதித்ததா, முழு எஃகா என்பது தட்டும்போது வரும் ஒலியையும் கையில் தோன்றும் உணர்வையும் பொறுத்த விஷயம். அதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பிடி தடிமனாக இருந்தால் மணிக்கட்டின் அசைவு குறையும். மார்பில் அல்லது வயிற்றில் ஊன்றித் தட்டும் முறை 2016 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது என்பதால், நீளக் கோல் வாங்குகிறவர்கள் அதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

வாங்குமுன் சோதிக்கும் முறை இது. நண்பர்களிடமிருந்தோ கிளப்பிலிருந்தோ மூன்று புட்டர்களை இரவல் பெறுங்கள். 8 அடியில் ஒவ்வொன்றாலும் பத்துப் பந்துகள், 30 அடியில் ஒவ்வொன்றாலும் பத்துப் பந்துகள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், இரண்டு பந்துக்கு ஒருமுறை கோலை மாற்றுங்கள். இல்லையென்றால் கை பழகிய பிறகு வரும் கடைசிப் புட்டர்தான் எப்போதும் வெல்லும். எட்டடியில் எத்தனை விழுந்தன, முப்பதடியில் நின்ற பந்துகள் எவ்வளவு சிதறின என்பதை எழுதிக்கொள்ளுங்கள். வேறொரு நாள் இதையே திரும்பச் செய்து, இரு நாளும் முன்னே நின்றதை வாங்குங்கள். பழைய புட்டராக இருந்தால் தயங்க வேண்டாம். மற்ற கோல்களைப்போல இது வேகமாகத் தேய்வதில்லை.

நம் ஊருக்கு மட்டும் உரிய ஒரு கவனம் மீதமிருக்கிறது. குளச்சலோ முட்டமோ மணக்குடியோ, கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று பூச்சில்லாத எஃகுத் தலையை ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்க வைத்துவிடும். ஆட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டைத் தலையில் தடவுங்கள். ஈரமான உறைக்குள் போட்டு மூடிவைக்காதீர்கள். வியர்வையில் வழுக்கத் தொடங்கும் பிடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கழுவியும் வழுக்கினால் புதிய பிடி போடுங்கள். புதியது பழையதைவிட எடை கூடியதாகவோ குறைந்ததாகவோ இருந்தால் தலையின் கனம் மாறித் தோன்றும் என்பதால், அன்று மாலையே ஸ்கேலின்மேல் இருபது பந்துகளைத் தட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.